ஊருக்கு ஒரு போர் எதிர்ப்பு வட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

காசா, உக்ரைன், சூடான் என்று வந்துகொண்டே இருக்கும் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருந்தால், கட்சிகளும் இயக்கங்களும் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டு வரலாம். அறந்தாங்கியிலோ ஆத்தூரிலோ சங்கரன்கோவிலிலோ இருப்பவருக்கு அந்த வாய்ப்பு அபூர்வம். அப்படிப்பட்ட ஊரில், கட்சி அட்டையோ மேடைப் பழக்கமோ இல்லாத நாலைந்து பேர் சேர்ந்து போரைப் பற்றிப் படிக்கவும் பேசவும், மாதம் ஒருமுறையாவது தெருவில் நின்று அதைச் சொல்லவும் ஒரு வட்டத்தை எப்படித் தொடங்குவது, உடையாமல் எப்படி நடத்துவது என்பதற்கான வழிகாட்டி இது.

ஆள் குறைவு என்ற தயக்கத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். 2003 பிப்ரவரி 15 அன்று, ஈராக் போர் வேண்டாம் என்று உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் பல லட்சம் பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஐந்து வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. அந்தக் கூட்டம் வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் போர் தொடங்கிய மறு வாரமும் போய் நிற்பதற்கு அவரவர் ஊரில் ஓர் இடமும் நான்கு தோழர்களும் வேண்டும். 1988 ஜனவரியில் ஜெருசலேமில் சில இஸ்ரேலியப் பெண்கள் கறுப்பு உடை உடுத்தி, பாலஸ்தீனப் பகுதிகளின் ஆக்கிரமிப்பை நிறுத்து என்ற அட்டையோடு ஒரு சதுக்கத்தில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை. போவோர் வருவோர் வசைபாடினார்கள். அடுத்த வெள்ளியும் வந்தார்கள், அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். 1991 அக்டோபரில் அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடு நகரப் பெண்கள் தங்கள் அரசே நடத்திய போரை எதிர்த்து அதே முறையில் புதன்கிழமைதோறும் நிற்கத் தொடங்கினார்கள். பெங்களூரு உட்படப் பல நகரங்களுக்கு அது பரவியது. ஒரே இடம், ஒரே நேரம், விடாமல். கீழே சொல்வதெல்லாம் இந்த முறையை நம் ஊர் நிலைமைக்குப் பொருத்திச் சொல்வதுதான்.

முதல் ஐந்து பேர்

பொது அழைப்பு விடாதீர்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பேசுங்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், அறிவியல் இயக்கம், ஆசிரியர் சங்கம், வங்கி மற்றும் எல்.ஐ.சி. ஊழியர் சங்கங்கள், அம்பேத்கர், பெரியார் பெயரிலுள்ள படிப்பு வட்டங்கள், தேவாலயத்தின் இளைஞர் குழு, ஜமாஅத்தில் படிப்பில் ஆர்வமுள்ளவர்கள் என்று எந்த ஊரிலும் ஏழெட்டு வாசல்கள் இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய செவிலியர், உக்ரைனில் மருத்துவம் படிக்கப் போய் 2022இல் பாதியில் ஊர் வந்து சேர்ந்த மாணவர், இவர்களுக்குப் போர் என்பது செய்தி அல்ல. இவர்களைத் தேடிப் போங்கள்.

முன்னாள் ராணுவத்தினரை விட்டுவிடாதீர்கள். வேலூர் வட்டாரம்போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களில், போர் வேண்டாம் என்பது படைவீரரை இழிவுபடுத்துவதாகத்தான் முதலில் கேட்கும். அதை மறுத்துச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. "நான் கார்கிலைப் பார்த்தவன்யா, சண்டை என்னன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் சொன்னால் டீக்கடை முழுக்கக் காது கொடுக்கும்.

முதல் ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். இதை நல்லெண்ணமாக மட்டும் வைத்திருந்தால் நடக்காது. நேரத்தையும் இடத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் கூடினால் அது ஆண்கள் வட்டமாகவே முடியும். ஞாயிறு மாலை நான்கு மணி, நூலகம் அல்லது சங்கக் கட்டடம் அல்லது யார் வீட்டு முன்கூடமாவது என்று வைத்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டும் வரலாம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருவர் ஒருங்கிணைப்பாளர், இன்னொருவர் கணக்கு. மூன்று மாதம் முடிந்ததும் அடுத்தவர். நம் ஊரில் நல்ல குழுக்கள் பல, கொள்கை முரண்பாடு தலைகாட்டும் முன்பே பொறுப்புப் பெயர்ப்பலகைச் சண்டையில் உடைந்திருக்கின்றன.

கூடும்போது

நமக்கு ஒரு கூட்டப் பழக்கம் இருக்கிறது. வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, சால்வை, சிறப்புரை, நன்றியுரை. ஒவ்வொருவரும் மேடையில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் அடைமொழியோடு சொல்லி முடிக்கவே பாதி நேரம் போய்விடும். பத்துப் பேர் கூடும் வட்டத்துக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. வட்டமாக நாற்காலி போடுங்கள். ஒருவர் தான் படித்து வந்ததை இருபது நிமிடம் சொல்லட்டும். அதன்பிறகு எல்லாரும் ஒரு சுற்று, ஆளுக்கு மூன்று நிமிடம். அந்தச் சுற்று முடியும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு இது கடினமாக இருக்கும், ஆனால் வாயே திறக்காத ஒருவர் மூன்றாவது கூட்டத்தில் பேசிவிட்டால் இந்த விதியின் அருமை தெரியும்.

ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு ஒரு தனி வேலை கொடுங்கள்: எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை, கேலி செய்யாமல், அவர்கள் சொல்வதுபோலவே எடுத்துச் சொல்வது. அணுகுண்டு இருப்பதால்தான் பெரிய போர் வரவில்லை என்று நம்புகிறவர் நம் தெருவிலேயே இருக்கிறார். அவர் வாதத்தை அறையில் கேட்டுப் பழகாதவர் தெருவில் அவரைச் சந்தித்தால் கோபப்பட்டுவிடுவார்.

கடைசிக் கால் மணி நேரம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். படிப்பும் செயலும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு 1965 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லலாம். வியட்நாம் போரை எதிர்த்து வகுப்புகளை நிறுத்தத் திட்டமிட்ட ஆசிரியர்கள், அதற்குப் பதிலாக ஓர் இரவு முழுக்க விடிய விடியப் போரைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். சில வாரங்களில் அந்த முறை மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் போனது.

வாட்ஸ்அப் குழு தேவைப்படும்தான். கூட்ட அறிவிப்புக்கும் படிக்க வேண்டியவற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத போர்ப் படத்தை யாரும் பகிரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிரியாவில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தைக் காசா என்று நீங்கள் ஒருமுறை பகிர்ந்தால் போதும், அடுத்து நீங்கள் காட்டும் உண்மைப் படத்தையும் ஊர் நம்பாது.

எதிலிருந்து பேசத் தொடங்குவது

உலக அரசியலில் தொடங்கினால் பேச்சு வானத்திலேயே நிற்கும். நம் ஊரில் தொடங்குங்கள்.

2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் நம் சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏன் ஏறியது? இந்தியா அந்த எண்ணெயில் பெரும்பகுதியை அந்த இரு நாடுகளிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. இது ஒரு கூட்டத்துக்குப் போதுமான விஷயம்.

அடுத்தது பணம். 2025-26 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மருத்துவர் இடம் காலி என்று விசாரித்துக்கொண்டு வந்து, இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். உலகம் முழுவதும் 2024இல் ராணுவத்துக்குச் செலவானது 2.7 லட்சம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோமில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆயுதத் தொழில். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் அதற்கு முன்பிருந்தே உள்ளவை. இங்கே தயாராகும் பாகங்கள் எங்கே போகின்றன, எந்த நாட்டுக்கு விற்கப்படுகின்றன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஆலையில் லேத் ஓட்டும் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். அவரை வட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். ஆயுதத்துக்குப் பதில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு உருப்படியான பதில் அவரிடம்தான் கிடைக்கும்.

இவற்றுக்குப் பிறகு ஐ.நா. சாசனம், 1949 ஜெனீவா உடன்படிக்கைகள், அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் என்று போகலாம். கடைசியாகச் சொன்ன ஒப்பந்தம் 2017இல் 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அணு ஆயுதம் வைத்திருக்கும் வேறு எந்த நாடும் சேரவில்லை.

எல்லாருக்கும் ஒரே அளவுகோல்

வட்டம் உடைவதானால் இங்கேதான் உடையும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் பத்துப் பேரில் ஒருவர் காந்தியவாதி. எந்த ஆயுதமும் தவறு என்பார். இன்னொருவர் இடதுசாரி. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் போரும் ஏகாதிபத்தியம் நடத்தும் போரும் ஒன்றா என்று கேட்பார். மூன்றாமவர் ஈழ ஆதரவாளர். ஆயுதம் எடுக்காமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்று அவர் கேட்கும்போது குரல் நடுங்கும். இன்னொருவர் காசாவுக்கு மட்டும்தான் வந்திருப்பார். உக்ரைனைப் பேசினால் அமெரிக்காவுக்கு ஆதரவாகிவிடுமோ என்று ஒருவர் தயங்குவார். காஷ்மீர் என்றதும் அறை அமைதியாகிவிடும்.

இவர்கள் எல்லாரையும் ஒரு கோட்பாட்டுக்குக் கொண்டு வர முயலாதீர்கள். ஆறு மாதம் விவாதித்தாலும் வராது, வரவேண்டிய தேவையும் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியது மிகக் குறைவு. ஆயுதம் ஏந்தாத மக்களை யார் கொன்றாலும் கண்டிப்போம். உணவு, தண்ணீர், மருந்தைத் தடுப்பதை யார் செய்தாலும் கண்டிப்போம். எங்கே போர் நடந்தாலும் உடனடிப் போர்நிறுத்தம் கேட்போம். காணாமல் போனவர்கள், சிறைபட்டவர்கள் பற்றிய உண்மையைக் கேட்போம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். இதற்கு மேலுள்ளவற்றில் அவரவர் கருத்து அவரவருக்கு. வட்டத்தின் பெயரில் அதைச் சொல்லக்கூடாது.

எழுதுவது எளிது. நடைமுறைக்கு வரும்போதுதான் வலிக்கும். காசா மக்களுக்காக நிற்கும் நாம், 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட, கடத்தப்பட்ட இஸ்ரேலியக் குடிமக்களைப் பற்றி ஒரு வரி சொல்லத் தயங்கினால், தாளில் எழுதியது பொய்யாகிவிடும். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, அதன்பின் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டதையும் பட்டினியில் தள்ளப்பட்டதையும் அதற்குச் சமமான பாரமாகக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரு தரப்பிலும் இறந்தவர் எண்ணிக்கையும் கையிலுள்ள அதிகாரமும் சமமல்ல என்பதை உரக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு தாயின் துக்கத்தையும் நம் அட்டையிலிருந்து விடாதீர்கள். முள்ளிவாய்க்காலில் மருத்துவமனைகள்மீது இலங்கைப் படை குண்டு வீசியதைச் சொல்லும்போது, தப்பி ஓடிய மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இது தமிழ்நாட்டில் சொல்லக் கடினமான வாக்கியம் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் சூடானைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

சண்டை வந்தே தீரும். வரும்போது வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். தோற்றவர் அடுத்த மாதம் வரமாட்டார். அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி, முரண்பட்ட இருவரையே சேர்ந்து படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். சேர்ந்து அறிக்கை எழுத முடியாத விஷயத்தில் சேர்ந்து மௌனமாக நிற்க முடியும். பெல்கிரேடு பெண்கள் தேர்ந்தெடுத்ததும் மௌனத்தைத்தான்.

தெருவுக்கு வரும் முன்

மூன்று நான்கு கூட்டம் முடிந்த பிறகு வெளியே வாருங்கள். அதற்கு முன் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு தருகிறது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அனுமதி தருவதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் தன்னிச்சையான விருப்பமாக இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972இலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் என்ன? சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். மாவட்டங்களில் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு அடிக்கடி அமலில் இருக்கும். முன்பு 144 தடை என்று சொன்னது, 2024 ஜூலை முதல் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவு. உங்கள் ஊரில் எது அமலில் இருக்கிறது என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். அவரையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். பொருள்: அமைதிக்கான மௌன நிகழ்வுக்கு அனுமதி கோருதல். ஐயா, வரும் ஞாயிறு மாலை 5 மணி முதல் 6 மணி வரை, பேருந்து நிலையம் எதிரே உள்ள நூலக வாசலில், சுமார் 12 பேர், கையில் அட்டைகளுடன் மௌனமாக நிற்க உள்ளோம். ஒலிபெருக்கி இல்லை. ஊர்வலம் இல்லை. போக்குவரத்துக்கு இடையூறு செய்யமாட்டோம். பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன."

இரண்டு படி கொண்டு போங்கள். ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மறுத்தால், "எழுத்துல கொடுங்க சார், நாங்க வக்கீல்கிட்ட காட்டணும்" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் மறுப்பு வந்தால் உயர் நீதிமன்றம் போக வழி உண்டு. அதுவரை நான்கு சுவருக்குள் நடத்துங்கள்.

உளவுப் பிரிவிலிருந்து ஒருவர் கட்டாயம் வருவார். ஈழம் என்ற சொல் இருந்தால் க்யூ பிரிவிலிருந்தும் வருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பொறுப்பாளர் இருவர் மட்டும் பேசுங்கள்; கடிதத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்; மற்றவர்கள் பெயர், முகவரி, வேலை எதையும் சொல்ல வேண்டியதில்லை. அனுமதியின்றி நின்றால், வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். ஆனாலும் வழக்குப் பதிவாகலாம். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. அவர்கள் உள்ளே படிப்பை நடத்தட்டும், வெளியே நிற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மெரினாவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2017 மே மாதம் அங்கே மெழுகுவத்தி ஏந்தி ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தச் சென்றவர்களில் நால்வர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை சில மாதம் சிறையில் இருந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரம்

நிழலும் நடமாட்டமும் உள்ள இடம். பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், யார் முகமும் வேண்டாம், எந்த நாட்டுக் கொடியும் வேண்டாம். வெள்ளைச் சார்ட் அட்டையில் கறுப்பு மையில் கையால் எழுதுங்கள். ஓர் அட்டைக்கு ஐந்தாறு சொல், இருபதடி தூரத்திலிருந்து படிக்கும் அளவு. "குழந்தைகளைக் கொல்லாதே." "போரை நிறுத்து, பேச்சைத் தொடங்கு." "மருத்துவமனை மீது குண்டு போடாதே." நாட்டின் பெயரை அடியில் சிறிதாக எழுதலாம்.

நிற்பவர்கள் நிற்கட்டும். இருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று துண்டறிக்கை கொடுத்துப் பேசட்டும். இந்த இருவரும் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும். அதிகம் வரும் கேள்வி இதுதான்: "ஏங்க, எங்கயோ நடக்கிற சண்டைக்கு இங்க நின்னு என்ன ஆவப்போவுது? நம்ம ஊர்ல ரோடே சரியில்ல." இதே கேள்வி நீதிமன்றத்திலும் வந்தது, காசாவுக்காகப் போராட அனுமதி கேட்டவர்களிடம், நம் நாட்டுப் பிரச்சினைகளைப் பாருங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. ஆக, பதிலைத் தயாராக வைத்திருங்கள். "ரோட்டுக்கும் வாங்கண்ணே, சேர்ந்து மனு கொடுப்போம். 2009ல நம்ம சனம் செத்தப்ப லண்டன்லயும் டொராண்டோவுலயும் ரோட்ல உக்காந்தாங்களே, அங்க இருக்கிற வெள்ளைக்காரங்க யாராவது கேக்கமாட்டாங்களான்னு நாம ஏங்கலயா?" இதற்குப் பிறகு பெரும்பாலானோர் துண்டறிக்கையை வாங்கிக்கொள்வார்கள். ரோடு மனுவையும் உண்மையிலேயே கொடுங்கள்.

யாராவது சத்தம் போட்டால் பதிலுக்குக் கத்தாதீர்கள், கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். வட்டத்தில் மூத்தவர் ஒருவர் போய், "வாங்க, ஒரு டீ சாப்பிட்டுப் பேசலாம்" என்று தள்ளி அழைத்துப் போகட்டும். குடித்துவிட்டு வந்தவர் என்றால் அதுவும் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே முடித்துக் கலையுங்கள்.

ஆகஸ்ட் 6

முதல் பெரிய நிகழ்வுக்கு ஹிரோஷிமா நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நாள், பள்ளிக்கூடக் கதவு திறக்கும் நாள். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினர் நெடுங்காலமாக இதைப் பள்ளிகளில் நடத்துகிறார்கள். அவர்களோடு சேர்ந்தே செய்யலாம்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தபோது, அந்த நகரில் இருந்த சடாகோ சசாகி என்ற சிறுமிக்கு இரண்டு வயது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. பதினோரு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. காகிதக் கொக்குகள் ஆயிரம் மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்துப் பொட்டலக் காகிதத்திலெல்லாம் மடித்தாள். 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில் இறந்தாள். இந்தக் கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொக்கு மடிக்கக் கற்றுக்கொடுங்கள். எரிந்த உடல்களின் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம். பெரியவர்கள் கூட்டத்தில், குண்டுக்குத் தப்பியவர்களின் அமைப்பான நிகோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததைச் சொல்லுங்கள். 1956இல் தொடங்கியவர்கள். தங்கள் உடம்பில் நடந்ததைத் திரும்பத் திரும்ப எழுந்து நின்று சொன்னதுதான் அவர்கள் செய்த வேலை.

பக்கத்து முகாம்

தமிழ்நாட்டில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் வாழும் முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். போரைப் பற்றிப் பேசும் வட்டம் அங்கே போகாமல் இருக்கக்கூடாது. ஆனால் போனதும் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, சான்றிதழ் விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவமனைக்குத் துணை போவது என்று தொடங்குங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும் நாளில் அவர்களே சொல்வார்கள். அவர்களைத் தெருவில் நிற்கவோ மனுவில் கையெழுத்திடவோ படத்துக்கு நிற்கவோ கேட்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அதன் விலை நமக்கானதைவிடப் பன்மடங்கு.

தீர்மானம்

2003 ஜனவரியில் சிகாகோ நகர மன்றம் ஈராக் போருக்கு எதிராக 46க்கு 1 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் மன்றங்கள் அதேபோலச் செய்தன. போருக்குப் போகும் பணம் தங்கள் ஊர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வராமல் போகும் பணம் என்பது அவர்கள் வாதம். நம்மிடம் கிராம சபை இருக்கிறது. அக்டோபர் 2 கூட்டத்தில், போர்நிறுத்தம் கோரி நான்கு வரித் தீர்மானம் ஒன்றை வைக்கலாம். "இது ஊராட்சி அதிகாரத்துக்குள் வராது" என்று செயலர் சொல்வார். காந்தி பிறந்த நாளில், வாசிக்கவாவது அனுமதியுங்கள் என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வாரம் முன்பே பேசி வைப்பது நல்லது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அதே நான்கு வரியை அனுப்பி, மாதம் ஒருமுறை பதில் கேளுங்கள்.

பணம்: உண்டியல் மட்டும். கூட்டம் முடிந்ததும் எண்ணி, எல்லார் முன்னும் தொகையை வாசித்து, நோட்டில் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினரே அனுப்பினாலும் வட்டத்துக்காக வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கடுமையானது. சார்ட், மார்க்கர், துண்டறிக்கை நகல், டீ. இதற்குப் பெரிய தொகை தேவைப்படாது.

போர் நம் எல்லைக்கு வரும்போது

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் தாக்கிக்கொண்டன. அந்த நான்கு நாட்களில் நாடு முழுக்க, அமைதி என்ற சொல்லைச் சொன்னவர்களே தேசத்துரோகி என்று பெயர் வாங்கினார்கள். இப்படி மறுபடியும் ஒரு நாள் வரும். அன்று என்ன செய்வது என்பதை இன்றே பேசி முடிவெடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். அன்று நிதானம் இருக்காது.

என் யோசனை இது. முதல் வாரம் தெருவுக்கு வர வேண்டாம், உள்ளே கூடுங்கள். கொல்லப்பட்டவர்களுக்கு முதலில் அஞ்சலி, அவர்கள் எந்தப் பக்கம் என்றாலும். தனித்தனியாகச் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்ற, புதிய தண்டனைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு அதற்குத்தான் முதலில் வரும். எழுதினால் வட்டத்தின் பெயரில், வழக்கறிஞர் பார்த்த பிறகு, நான்கு வரிகளுக்குள். ஊரில் உள்ள முஸ்லிம் குடும்பங்கள், கல்லூரிகளில் படிக்கும் காஷ்மீர் மாணவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அந்த வாரத்தின் முக்கிய வேலை அதுதான். படையில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கும் போங்கள். "தம்பி பேசினானாம்மா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். தாக்குதல் நின்றதும் பழைய இடத்தில், பழைய நேரத்தில், பழைய அட்டைகளோடு நில்லுங்கள். மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் ஆண்டுகள் பலவாக ஆகஸ்ட் 14 இரவில் வாகா எல்லையில் மெழுகுவத்தி ஏற்றியது, இரு நாட்டு உறவு நன்றாக இருந்த ஆண்டுகளில் மட்டும் அல்ல.

ஆண்டு நாட்காட்டியை ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். ஜனவரி 22 அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள், பிப்ரவரி 24 உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கிய நாள், மே 18 முள்ளிவாய்க்கால், ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, செப்டம்பர் 21 உலக அமைதி நாள், அக்டோபர் 2 கிராம சபை. இவற்றுக்கு இடையே மாதத்தின் முதல் ஞாயிறு படிப்பு, மூன்றாம் ஞாயிறு தெரு. பக்கத்து ஊரிலிருந்து யாராவது இரண்டு மூன்று முறை வந்து நின்றால், அவர் ஊரில் தொடங்க உதவுங்கள். காவல் நிலையத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் துண்டறிக்கையையும் கொடுத்தனுப்பி, அவர்களுடைய முதல் ஞாயிற்றுக்கு உங்களில் இருவர் பஸ் ஏறிப் போங்கள்.